வான்கோழியை ஆட்டோடு விடலாம், கோழியோடு விடாதீர்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 12 சென்ட் இடம். அதில் 4 வெள்ளாடு, 20 நாட்டுக்கோழி, 3 வாத்து, ஒரு ஜோடி முயல். மகள் ஆசைப்படுகிறாள் என்று 5 வான்கோழிக் குஞ்சுகள் வாங்கப் போகிறீர்கள். கறிக்கு இல்லை, வளர்த்துப் பார்க்க. கோழிக் கொட்டகையையே கொஞ்சம் நீட்டி அதில் விட்டுவிடலாமா, கோழித்தீனியே போதுமா, ஆடு மிதித்துவிடாதா, எந்த மாதத்தில் வாங்குவது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோழிக் கொட்டகையை நீட்டாதீர்கள். ஆட்டுக் கொட்டகையை நீட்டுங்கள். 18 வருடமாக ஆடும் வான்கோழியும் வளர்க்கிறவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வான்கோழி பார்க்கப் பெரிய கோழி மாதிரி இருப்பதால் எல்லோரும் அதைக் கோழியோடு சேர்த்துவிடுகிறார்கள். வீட்டில் வளரும் வான்கோழிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நினைப்பினால்தான் போகின்றன என்பது நான் பார்த்த வரையில் என் கணிப்பு.

காரணம் இதுதான். இந்த வகைப் பறவைகளுக்குக் குடலின் கடைசிப் பக்கத்தில் முட்டுச்சந்து மாதிரி இரண்டு கிளைகள் உண்டு. குருட்டுக்குடல் என்பார்கள். அதில் அரை அங்குல நீளத்துக்கு மெல்லிய வெள்ளைப் புழு ஒன்று குடியிருக்கும், ஹெட்டராகிஸ் என்று பெயர். வெளியில் மேயும் நாட்டுக்கோழிகளிடம் இது சர்வசாதாரணம். இந்தப் புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி ஒளிந்துகொண்டு எச்சத்தோடு வெளியே வருகிறது. தனியாக வந்து விழுந்தால் அது சீக்கிரமே செத்துப்போகும். புழு முட்டைக்குள் இருந்தால் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அந்த முட்டையை மண்புழு விழுங்கினால் மண்புழுவுக்குள்ளும் உயிரோடு இருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் வான்கோழி அந்த மண்புழுவைக் கொத்தினால் கதை முடிந்தது.

கோழிக்கு இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கலகலவென்று மேய்ந்துகொண்டே நோயைச் சுமந்து திரியும். வான்கோழிக்கு அது குருட்டுக்குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய்விடும். பிளாக்ஹெட் என்று மருத்துவர்கள் சொல்லும் நோய் இதுதான். பெயரில் கருப்புத் தலை இருந்தாலும் தலை கறுப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பல குஞ்சுகளுக்குத் தலை கறுக்கவே கறுக்காது. இறக்கை தொங்கும், கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்கும், எச்சம் கந்தகப் பொடியைக் கரைத்த மாதிரி மஞ்சளாக வரும். அந்த மஞ்சளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நான் முதன்முதலில் வளர்த்த 14 குஞ்சுகளில் 9 இதில் போயின. எட்டு வாரக் குஞ்சுகள், நன்றாகத் தேறி வந்தவை. பத்தே நாளில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நான் வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து என்னென்னவோ கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்றைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அறுத்துக் காட்டினார். ஈரல் முழுக்கப் பழைய நாலணாக் காசு அளவுக்கு வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த புள்ளிகள். "கோழியோடதானே விட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. வந்த பிறகு கொடுக்க நம்பகமான மருந்தும் கையில் இல்லை. ஒரு காலத்தில் பயன்பட்ட மருந்துகள் பலவற்றை உணவுக்கு வளர்க்கும் பறவைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பல நாடுகள் நிறுத்திவிட்டன. அதனால் பிரித்து வைப்பது ஒன்றுதான் வழி.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வான்கோழி முட்டையை நாட்டுக்கோழியை வைத்து அடைகாக்க விடுவோம். எங்கள் பக்கம் அவயம் வைப்பது என்போம். ஒரு கோழிக்கு ஐந்தாறு வான்கோழி முட்டைக்கு மேல் அடங்காது, 28 நாள் உட்கார வேண்டும். நாட்டுக்கோழி தாய்மையோடு உட்காரும், நன்றாகவும் பொரிக்கும். பொரித்த அன்றிலிருந்து அந்தத் தாய்தான் குஞ்சைக் கூட்டிக்கொண்டு போய்க் குப்பையைக் கிளறிக் காட்டும். அங்கேதான் வினை. அடை வைத்துப் பொரிப்பதில் தவறில்லை. பொரித்ததும் குஞ்சுகளை எடுத்துத் தனியே பல்பு வெளிச்சத்தில் வளர்த்துவிட வேண்டும். நீங்கள் வாங்கப் போகிற குஞ்சுகள் இன்குபேட்டரில் பொரித்தவையா, நாட்டுக்கோழியோடு திரிந்தவையா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். தாய்க்கோழியோடு மூன்று வாரம் மேய்ந்த குஞ்சு விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சரி, இடத்துக்கு வருவோம். 12 சென்ட் என்பது சுமார் 5,200 சதுர அடி. திறந்த மேய்ச்சலில் ஏக்கருக்கு 250 வளர்ந்த வான்கோழி வரை விடலாம் என்பது நம் கால்நடைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. ஐந்து பறவைக்கு உங்கள் இடத்தில் பாதியே தாராளம். கோழிகள் இதுவரை எந்தப் பக்கம் அதிகம் மேய்ந்தனவோ அந்தப் பக்கத்தைக் கோழிக்கே விட்டுவிடுங்கள். ஆட்டுப்பட்டி இருக்கும் பக்கத்தை வான்கோழிக்கு ஒதுக்குங்கள். நடுவில் 5 அடி உயரத்துக்குக் கம்பிவலை. அது போதாது, கோழி தாண்டிவிடும் என்பீர்கள். தாண்டும்தான். ஆட்டுத் தொட்டிப் பக்கம் சிந்தின தானியம் கிடந்தால் கட்டாயம் தாண்டும். அதனால் இந்தப் பக்கத்தைச் சுத்தமாகக் கூட்டி வைத்து, கோழிக்கு அந்தப் பக்கமே வயிறு நிறையக் கொடுத்தால் வருவது குறையும். கோழிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். புழு குறைந்தால் மண்ணில் விழும் முட்டையும் குறையும். கோழிக்காகக் கொடுக்கும் இந்த மருந்து உண்மையில் வான்கோழியைக் காப்பாற்றுகிறது.

காலையில் வேலையை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். முதலில் வான்கோழி, அப்புறம் ஆடு, கடைசியில் கோழி. கோழிப்பக்கம் போட்டுக்கொண்டு போன செருப்போடு வான்கோழிப் பக்கம் போகாதீர்கள். அங்கே ஒரு ஜோடி பழைய செருப்பு தனியாகக் கிடக்கட்டும். மண்வெட்டி, கூடை எல்லாமே அப்படித்தான். அதிகப்படியாகத் தோன்றலாம், ஆனால் ஒரு செருப்பு அடியில் ஒட்டும் மண் போதும்.

கொட்டகைக்கு வளர்ந்த பறவை ஒன்றுக்கு 5 சதுர அடி குறைந்தபட்சம். நீங்கள் 6 அடிக்கு 8 அடி போட்டுக்கொள்ளுங்கள், ஐந்துக்கு நிம்மதியாக இருக்கும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் உச்சிவெயில் உள்ளே இறங்காது. ஓலை அல்லது ஓடு நல்லது. தகரம் என்றால் மேலே தென்னங்கீற்று பரப்பிவிடுங்கள். தரையில் 4 அங்குலம் நெல் உமி அல்லது கடலைத் தொலி. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கிளறி, ஈரமான இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவுங்கள். வான்கோழிக்குக் குளிர்கூடத் தாங்கும், காலுக்கடியில் ஈரம் தாங்காது.

உட்கார உயரம் வேண்டும். சாயங்காலம் ஆனால் அதன் கண் மேலேதான் போகும். நீங்கள் கொட்டகைக்குள் கட்டை வைக்காவிட்டால் வேப்ப மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மரநாய்க்கு அதுதான் வசதி. தரையிலிருந்து 2 அடி, இரண்டரை அடி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான சட்டம் ஒன்று குறுக்கே கட்டுங்கள். உருண்டைக் கம்பு வேண்டாம், கனமான பறவைக்கு நெஞ்செலும்பு வளைந்துவிடும். ரொம்ப உயரமும் வேண்டாம். பத்துக் கிலோ ஆண் ஒன்று 5 அடியிலிருந்து குதித்தால் பாதத்தில் அடிபட்டு வீங்கும். சுற்றுவலைக்குச் சாதாரணக் கோழிவலையை நம்பாதீர்கள், நாய் பல்லால் கிழித்துவிடும். கீழே 3 அடிக்காவது வெல்டு மெஷ் அடித்து, அரை அடி மண்ணுக்குள் இறக்குங்கள். கீரி தோண்டிக்கொண்டு வரும்.

இறக்கையை வெட்டுவதானால் ஒரு பக்கம் மட்டும், நீளமான பறக்கும் சிறகுகளை மட்டும். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை மாறாது, சிரமப்பட்டாவது தாண்டிவிடும்.

இப்போது ஆடு. வான்கோழியும் வெள்ளாடும் ஒன்றுக்கொன்று நல்ல துணை. ஆட்டின் குடலில் ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் கிருமி வேறு, வான்கோழியினுடையது வேறு. ஒன்றினுடையது மற்றொன்றுக்குத் தொற்றாது. பிளாக்ஹெட்டுக்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆடு உயரத்தில் இருக்கும் தழையைத் தின்னும், வான்கோழி கீழே புல்லையும் வெட்டுக்கிளியையும் பார்த்துக்கொள்ளும். பட்டியில் சாணத்தில் நெளியும் ஈப்புழுவைச் சலித்து எடுத்துவிடும். இரண்டு மாதம் பழகிவிட்டால் ஆடு படுத்திருக்கும் போது முதுகில் ஏறி நிற்கிற அளவுக்கு உறவாகிவிடும்.

மிதிபடுவது குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் பயம். 10 வாரம் வரை ஆட்டோடு விடாதீர்கள், வலைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துப் பழகட்டும். அப்புறம் ஆடு குட்டி போடுகிற சமயத்தில் ஒரு வாரம் பிரித்து வையுங்கள். ஈரமாக, சிவப்பாக எதைப் பார்த்தாலும் வான்கோழி கொத்திப் பார்க்கும். பிறந்த குட்டியின் தொப்புள்கொடியை இழுக்க வரும். தாய் ஆடும் அதை முட்டாமல் விடாது. ஆட்டுக்குப் பரண் போட்டிருந்தால் அதன் அடியில் வான்கோழியைக் கட்ட வேண்டாம். இடம் வீணாகிறதே என்று பலர் அங்கே விடுகிறார்கள். மேலேயிருந்து மூத்திரம் இறங்கி அமோனியா வாடை அடித்துக்கொண்டே இருக்கும், கண்ணும் மூச்சும் கெடும். பரணுக்குப் பக்கவாட்டில் தடுத்துக் கொடுங்கள்.

ஆட்டுக்கும் வான்கோழிக்கும் நடுவில் உண்மையான ஆபத்து தீனித்தட்டுதான், அதுவும் ஆட்டுக்கு. வான்கோழித் தீனி என்பது மக்காச்சோளமும் புண்ணாக்கும் கலந்த மாவு. வெள்ளாட்டுக்கு அது அல்வா மாதிரி. ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தாமல் போனால் போதும், வயிறு முட்டத் தின்றுவிடும். இரைப்பையில் அமிலம் ஏறும், அசை போடுவது நிற்கும், இடது வயிறு உப்பும், பல்லைக் கடிக்கும், மறுநாள் தண்ணீராகக் கழியும். நல்ல சினை ஆடு ஒன்றை நான் இப்படி இழந்திருக்கிறேன். கொக்கியைச் சரியாக மாட்டாதது என் தவறுதான். அப்படி நடந்துவிட்டால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை தானியம், கஞ்சி எதுவும் காட்டாதீர்கள்.

இதைத் தவிர்க்க எளிய ஏற்பாடு: வான்கோழிக்குத் தீனியை வெளியில் வைக்கவே வைக்காதீர்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம், சாயங்காலம் அடைந்த பிறகு ஒரு மணி நேரம். உள்ளே சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். பகலில் மேய்ச்சலும் கீரையும் தண்ணீரும் மட்டும். சாயங்காலம் கொட்டகைக்குத் தானாக ஓடி வருவதற்கும் இதுவே பழக்கமாகிவிடும். ஆட்டுக் கொட்டகைக்கும் இதற்கும் நடுக்கதவு வைத்தால் கொக்கியை உங்கள் பக்கம் வையுங்கள். ஆடு மூக்கால் தள்ளியே கொக்கியைக் கழற்றக் கற்றுக்கொள்ளும்.

அடுத்து, குஞ்சுகளின் முதல் 15 நாள். இதை நிதானமாகப் படியுங்கள். கோழிக்குஞ்சு பொரித்த அன்றே கொத்தித் தின்னும். வான்கோழிக் குஞ்சு அப்படியில்லை. தட்டு நிறையத் தீனி இருக்க, அதன் மேலேயே நின்று பட்டினியால் செத்துப்போகும். சிறு வயதில் பார்வை மந்தம், உணவை அடையாளம் தெரியாது. முதல் வாரத்தில் சாகிற குஞ்சுகளில் நிறையப் பேருக்கு நோய் ஒன்றும் இல்லை, வயிறுதான் காலி. அதனால் ஊட்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்து வையுங்கள். 10 குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை கணக்கு, உங்கள் ஐந்துக்குப் பாதி முட்டை. பொடியாக உதிர்த்துத் தீனியின் மேல் தூவுங்கள். ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து அலகை ஒருமுறை தண்ணீரில் தொட்டு எடுங்கள், அப்புறம் தீனியில். இரண்டு நாள் இதை ஐந்தாறு முறை செய்தால் பழகிவிடும். உங்கள் மகளுக்கு ஏற்ற வேலை இது. பால் கலந்த தண்ணீர் சீக்கிரம் புளிக்கும், நாளுக்கு மூன்று முறை மாற்ற வேண்டும்.

பச்சை நிறத்தின் மேல் அவற்றுக்கு ஒரு ஈர்ப்பு உண்டு. பச்சைத் தட்டில் தீனி வையுங்கள், மேலே முருங்கைக் கீரையைப் பொடியாக அரிந்து தூவுங்கள். பளபளப்பான கோலிக்குண்டு நாலைந்தைத் தண்ணீர்த் தட்டில் போட்டு வைத்தால் அதைக் கொத்தப் போய்த் தண்ணீர் குடிக்கும். குஞ்சு உள்ளே விழுந்து நனையாமலும் இருக்கும். நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம். ஆட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குஞ்சுகளைக் கண்ணெடுத்தும் பார்க்க விடாதீர்கள்.

கூட ஒரு கோழிக்குஞ்சை விட்டால் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று சொல்வார்கள். உண்மைதான், கற்றுக்கொள்ளும். ஆனால் மண்ணை மிதிக்காத, இன்குபேட்டரில் பொரித்த ஒரு நாள் குஞ்சாக இருக்க வேண்டும், நாலைந்து நாளில் எடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டுக் கோழியின் குஞ்சைத் தூக்கி விடாதீர்கள்.

வெப்பம் முதல் வாரம் 35 டிகிரி. அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஐந்து குஞ்சுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் 60 வாட்ஸ் குண்டு பல்பும் போதும். தெர்மாமீட்டரை விடக் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. நம் ஊர்ச் சித்திரைப் பகலில் பல்பே தேவைப்படாது. பெட்டிக்கடியில் செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள், வழுக்கி வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும். சாக்கு விரியுங்கள், அல்லது உமியின் மேல் சாக்கு. மரத்தூள் வேண்டாம், தீனி என்று நினைத்துத் தின்னும்.

தீனி விஷயத்தில் வான்கோழிக் குஞ்சு கோழிக்குஞ்சை விட அதிகப் புரதம் கேட்கும். முதல் எட்டு வாரத்துக்கு 26 முதல் 28 சதவீதம். கடையில் கிடைக்கும் பிராய்லர் பிரீ-ஸ்டார்ட்டரில், அதாவது கறிக்கோழிக் குஞ்சுக்கான முதல் தீனியில், 22, 23தான் இருக்கும். இந்த இடைவெளியை அவித்த முட்டை, உப்பில்லாத மீன்தூள், கரையான் கொண்டு நிரப்பலாம். கரையான் எடுப்பது தெரியும்தானே? பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் நிறைந்திருக்கும். குஞ்சுகள் அதற்குப் பறக்கும். கருவாட்டுத்தூள் என்றால் உப்பு அதிகம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூட்டையில் "சாலினோமைசின்" என்று எழுதியிருக்கும் கோழித்தீனியை வான்கோழிக்குப் போடாதீர்கள். ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க பிராய்லர் தீனியில் கலக்கும் மருந்து அது. கோழிக்கு ஒத்துக்கொள்ளும், வளர்ந்த வான்கோழிக்கு விஷம். காலில் பலம் போய் உட்கார்ந்துவிடும், மூச்சுத் திணறிச் சாகும். நராசின் என்ற மருந்தும் அப்படியே. சீட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், எழுதியில்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். "கோழித்தீனியே போதுமா" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது: மருந்து கலக்காதது என்றால் புரதம் கூட்டிப் போடலாம், மருந்து கலந்தது என்றால் கூடாது.

புண்ணாக்கு பற்றியும் சொல்ல வேண்டும். கடலைப்புண்ணாக்கு நம்மிடம் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் கட்டும். ஆனால் பூஞ்சை பிடித்த புண்ணாக்கை வான்கோழி அளவுக்குத் தாங்காத பறவை குறைவு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் செத்துக் குவிந்தன. காரணம் தெரியாமல் அதற்கு "டர்க்கி எக்ஸ் நோய்" என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப்புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. அது சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. இன்று மனிதர்களுக்கு ஈரல் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று உலகம் முழுக்கக் கடலையில் சோதிக்கிறார்களே, அந்த நஞ்சை முதலில் காட்டிக் கொடுத்தவை வான்கோழிகள்தான். அதனால் மழைக்காலத்தில் வாங்கி மூலையில் போட்ட புண்ணாக்கை உடைத்து, முகர்ந்து பாருங்கள். கொஞ்சம் பூசணம் தெரிந்தாலும் தூர எறியுங்கள். ஆட்டுக்கும் போடாதீர்கள், வாத்துக்குக் கட்டாயம் கூடாது. முடிந்தால் குஞ்சுகளுக்குச் சோயா புண்ணாக்கே நல்லது.

நாலு மாதத்துக்கு மேல் செலவு குறைந்துவிடும். வளர்ந்த பறவை தன் உணவில் பாதி வரை பசுந்தழையாகவே எடுத்துக்கொள்ளும். வேலிமசால், குதிரைமசால், அகத்தி, அசோலா, கோஸ் இலை, கேரட் தழை எல்லாம் தின்னும். ஆட்டுக்கு நீங்கள் வெட்டிப் போடும் தழையையே கொஞ்சம் பொடியாக நறுக்கிப் போட்டால் போதும். நான் வேலிமசாலைக் கட்டாகக் கட்டி அதன் தலை உயரத்தில் தொங்கவிடுவேன், எச்சம் படாமல் இருக்கும், கொத்திக்கொண்டே பொழுதும் போகும். அதோடு மக்காச்சோளம், கம்பு, குருணை, தவிடு, புண்ணாக்கு கலந்து நாளைக்கு ஒன்றுக்கு 150 கிராம் அளவில் கொடுங்கள், ஆணுக்குக் கொஞ்சம் கூட. கிளிஞ்சல் தூளைத் தனித்தட்டில் வையுங்கள், முட்டையிடும் பெட்டை தானாக வந்து எடுத்துக்கொள்ளும். கறிக்கு வளர்ப்பவர்கள் மாதிரி சத்துத்தீனியை நிறுத்தாமல் போட்டால் கொழுப்பு கட்டி, நடக்க முடியாமல், வெயில் காலத்தில் இதயம் நின்று போகும். நீங்கள் வளர்த்துப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள், அதனால் மெலிந்து சுறுசுறுப்பாக இருப்பதே நல்லது.

இதே காரணத்துக்காகத்தான் அகன்ற நெஞ்சுள்ள பெரிய வெள்ளை ரகத்தை வாங்காதீர்கள் என்கிறேன். கறிக்காகவே உருவாக்கிய உடம்பு அது, கால் தாங்காது. உள்ளூர்க் கறுப்பு ரகம், அல்லது அதோடு பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை என்ற வெளிநாட்டு ரகத்தைக் கலந்து தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 நம் வெயிலுக்குப் பொருந்தும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் கூட இருக்கும்.

வாத்துகளையும் முயல்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாத்து இருக்கும் இடம் சேறாகும். அதைக் கொட்டகைக்குத் தாழ்வான பக்கம் வையுங்கள், தண்ணீர் வான்கோழிப் பக்கம் வடியக் கூடாது. முயல் கூண்டு தரையிலிருந்து உயரத்தில் இருந்தால் இரண்டுக்கும் தொந்தரவில்லை, கூண்டுக்கடியில் மட்டும் மேய விடாதீர்கள். ஆண் வான்கோழி கத்துகிற சத்தத்துக்கு முயல் மிரளும், அதனால் தள்ளியே இருக்கட்டும்.

ஐந்தில் ஒரு ஆண் போதும். குஞ்சில் பார்த்துச் சொல்வது கடினம், வளர்ந்த பிறகு இரண்டு ஆண் இருந்தால் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். சேவலைப் பார்த்தால் ஆண் வான்கோழி துரத்தும், வேலி வைக்க இதுவும் ஒரு காரணம். அதன் தலையும் கழுத்தும் சிவப்பு, நீலம், வெள்ளை என்று நிறம் மாறுவதை மகளுக்குக் காட்டுங்கள், மனநிலையை அதில் படிக்கலாம். ஆனால் கையில் வைத்தே வளர்த்த ஆண், பருவம் வந்ததும் மனிதரைப் போட்டியாளனாக நினைத்துப் பாயும். குஞ்சுப் பருவம் தாண்டியதும் ஆணைக் கொஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டைகள் அப்படியில்லை, மடியில் உட்கார்ந்து தூங்கும்.

தடுப்பூசி வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் கட்டாயம். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நாலைந்து வாரத்தில் அம்மைக்கு இறக்கைச் சவ்வில் குத்துவது, ஆறாவது வாரத்தில் மறுபடி கழிச்சலுக்கு ஊசி. கால்நடை மருந்தகத்தில் உங்கள் கோழிகளுக்கும் சேர்த்துத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கீழே பை மாதிரி வீங்கினால் அதுவும் கோழியிடமிருந்து வருகிற சுவாச நோய்தான், ஆரம்பத்திலேயே காட்டினால் மருந்து கேட்கும். எந்தக் குஞ்சு செத்தாலும் புதைப்பதற்கு முன்னால் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாவட்டத் தலைநகரில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். நான் முதல் குஞ்சு செத்தபோதே கொண்டுபோயிருந்தால் மற்ற எட்டில் சிலவற்றையாவது மிச்சம் பிடித்திருப்பேன்.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாங்காதீர்கள். ஈரமும் மண்புழுவும் சேர்ந்த காலம், குஞ்சைக் காய வைப்பதே பெரும்பாடு. தை பிறந்து மண் காய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசியில் அல்லது பிப்ரவரியில் ஒரு வாரத்துக் குஞ்சாக வாங்குங்கள். வெயில் உச்சத்துக்கு வரும் சித்திரையில் அவை மூன்று மாதத்தை நெருங்கி, இறகு முளைத்துத் திடமாகியிருக்கும். அதற்குள் வேலியைப் போட்டு, கோழிகளுக்கு இரண்டு முறை புழு மருந்தும் கொடுத்து முடித்திருக்கலாம். இப்போதே வேலிமசால் விதை தூவிவிட்டால் அப்போது தழையும் தயாராக இருக்கும்.